துணி எடுக்கலாமா, விடலாமா?

கேள்வி: வானம் கறுத்தாலே மாடிக்கு ஓடிப்போய்த் துணி எடுக்கிறேன். பாதி நாள் ஒரு சொட்டுகூட விழுவதில்லை. மேகத்தைப் பார்த்தே மழை வருமா என்று சொல்ல முடியுமா?
– ஒரு வாசகி, மணப்பாறை

பதில்: பெரும்பாலும் முடியும். முதலில் நிறத்தை நம்புவதை விட்டுவிடுங்கள். மேகம் கொஞ்சம் தடித்து, வெயில் அதன் மறுபக்கம் இருந்தாலே நமக்குக் கறுப்பாகத் தெரியும். பார்க்க வேண்டியது அதன் தலையை.

சித்திரை, வைகாசியில் நம் பக்கம் பெய்வது பெரும்பாலும் மாலை நேர இடி மழை. அது திரள் மேகமாகத் தொடங்கும். அடி தட்டையாக, மேலே காலிஃபிளவர் மாதிரி உருண்டை உருண்டையாக, விளிம்பு தெளிவாக இருக்கும். அகலத்தைவிட உயரம் கூடிக்கொண்டே போனால் கவனியுங்கள். எங்கள் துறையூர் மாடியிலிருந்து மேற்கே கொல்லிமலைக்கு மேல் இது வளர்வதைப் பார்ப்பது எனக்கு இன்றும் அலுப்பதில்லை. ஒரு கட்டத்தில் விளிம்பு மங்கி, தலை நார்நாராகக் கலையும். உச்சியில் நீர்த்துளிகள் பனித்துகளாக உறைகின்றன என்று அர்த்தம். இப்போது அது கார்திரள் மேகம். 16 கிலோமீட்டர் உயரம்கூடப் போகும். அதற்கு மேல் ஏற முடியாமல் தலை தட்டையாகப் பரவும். இதையெல்லாம் அது தூரத்தில் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும். தலைக்கு மேல் வந்தபின் சாம்பல் நிற அடிப்பக்கம் மட்டும்தான் தெரியும். சட்டென்று குளிர்காற்று வீசினால் துணியை எடுங்கள். இடி கேட்டுவிட்டால் மாடிக்கே போகாதீர்கள். நனைந்த துணி நாளை காயும்.

வானமெங்கும் சிறு துண்டுகளாகச் சிதறியிருந்தால், கையை நீட்டி விரலால் அளந்து பாருங்கள். ஒரு துண்டு சுண்டுவிரலுக்குள் மறைந்தால் மிக உயரத்திலுள்ள கீற்றுத்திரள் மேகம். மூன்று விரல் வரை அகலமிருந்தால் அதற்குக் கீழே மிதக்கும் இடைப்பட்ட திரள் மேகம். இரண்டுக்கும் துணி எடுக்க வேண்டாம்.

அப்புறம், “அகல் வட்டம் பகல் மழை” என்பார்கள். நிலாவைச் சுற்றித் தெரியும் அந்தப் பெரிய வட்டம், கீற்றுப்படை மேகம் என்னும் மெல்லிய திரையின் பனித்துகள்களில் ஒளி விலகுவதால் வருவது. வங்கக்கடலில் புயல் உருவானால் அதன் மேல்மட்ட மேகங்கள் முன்கூட்டியே பரவும். அதனால் ஐப்பசி, கார்த்திகையில் வட்டம் கட்டினால் நான் மதிப்பேன். மாசியில் கட்டினால் பொருட்படுத்த மாட்டேன். மறுநாள் பகலில் தரையில் நிழல் விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் அதே மெல்லிய திரைதான். நிழலே இல்லாமல் சூரியன் மங்கித் தெரிந்தால் மேகம் தடித்து இடைப்பட்ட படை மேகமாகிவிட்டது. சூரியனும் மறைந்தால் கார்படை மேகம். மணிக்கணக்கில் விடாமல் பெய்யும் அடைமழை அதிலிருந்துதான்.