ஜப்பானில் ஒரே சின்ன ஊரில் ஐந்து நாள் தங்கினால் சலிக்காதா? சைவச் சாப்பாடு கிடைக்குமா?

நீங்களும் எங்களைப் போல ஐம்பதைத் தாண்டிய ஜோடி, ஒருவராவது சைவம் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நாங்கள் தங்கியது தகயாமா. நகோயா நகரத்திலிருந்து ஹிடா என்ற ரயிலில் இரண்டரை மணி நேரம், வழியெல்லாம் ஆறு கூடவே வரும். "அஞ்சு நாளும் ஒரே ஊரா? ஃபூஜி மலை பார்க்கலையா?" என்று மச்சினர் இன்றுவரை கேட்கிறார். ஏழு நாளில் ஆறு ஊர் சுற்றிவிட்டு, எது எந்த ஊர் என்று போட்டோவைப் பார்த்துச் சொல்கிறவர் அவர். சரி, அவர் காசு.

எங்களுக்குச் சலிக்கவில்லை. காலையில் மியாகவா ஆற்றங்கரைச் சந்தை, சிவப்பு டர்னிப் ஊறுகாய் விற்கும் பாட்டிகள். சன்மாச்சி தெருவில் சாகே என்கிற அரிசி மது வடிக்கும் வீட்டு வாசல்களில் சுகி என்கிற ஜப்பானிய மரத்தின் தழையைப் பெரிய உருண்டையாகக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். பச்சையாக இருந்தால் புதுச் சரக்கு என்று அர்த்தம். உருண்டை பழுப்பாக ஆக, உள்ளே சரக்கும் பக்குவமாகும். ஐந்து மணி வாக்கில் முக்கால்வாசிக் கடைகள் சாத்திவிடும். அப்புறம் பாலத்தில் நின்று தண்ணீரைப் பார்க்க வேண்டியதுதான்.

இன்னொன்று, அக்டோபர் 2023-இல் ஜப்பான் முழுக்கச் சுற்ற வெளிநாட்டவர் வாங்கும் ஏழு நாள் ரயில் பாஸ் 29,650 யென்னிலிருந்து 50,000 ஆகிவிட்டது. ஒரே ஊரில் உட்காருகிறவர்களுக்கு அது தேவையே இல்லை. லீவுதான் கஷ்டம். இருபத்தாறு வருஷ சர்வீஸில் முதல் தடவையாகச் சேர்ந்தாற்போல் பத்து நாள் கேட்டேன், மூன்று முறை எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. அங்கே போன பிறகும் ஒரு ஃபைல் எங்கே என்று ஆபீஸிலிருந்து போன். கேட்டவர் மேஜையிலேயே இருந்தது.

சாப்பாட்டில்தான் அடி வாங்கினோம். இரண்டு நாள் என் மனைவி மேலே எதுவும் போடாத 'வெறும்' சோபா என்கிற நூடுல்ஸைச் சாற்றோடு குடித்தாள், "ரசம் மாதிரி இருக்குங்க" என்று பாராட்டு வேறு. மூன்றாம் நாள் விடுதி அம்மா போன் மொழிபெயர்ப்பில் விளக்கினார்: அந்தச் சாறு, தாஷி, சூரைக் கருவாட்டைச் சீவிக் காய்ச்சியது. நம் மாசிக் கருவாட்டுக்கு அண்ணன். மனைவி அன்று இரவு வரை பேசவில்லை. (விசாரிக்காமல் போனது என் தப்புதான், கமெண்டில் வந்து சொல்ல வேண்டாம்.)

மறுநாள் காலை அந்த அம்மா ஒரு கையில் கொம்பு என்கிற காய்ந்த கடல்பாசி, மறு கையில் ஷிடாகே காளான், இரண்டையும் மனைவி மூக்கருகே நீட்டி முகரச் சொன்னார். அன்றைக்கு எங்களுக்குத் தனிச் சாறு. கூடவே ஹோபா மிசோ: நம் செண்பகத்துக்குச் சொந்தக்கார மரத்தின் காய்ந்த இலையைக் கரி அடுப்பில் வைத்து, அதன்மேல் மிசோ என்கிற புளித்த சோயா விழுது, வெங்காயத்தாள், காளான். இலையின் ஓரம் கருகும்போது எடுத்துச் சோற்றில் பிசைய வேண்டும். கொண்டுபோன பருப்புப்பொடியை அன்றுதான் நாங்கள் தொடவில்லை.

கிளம்பும்போது 'மீன் சாறும் கூடாது' என்று ஜப்பானிய மொழியில் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அடுத்த ஊரில் ஒரு சோபா நூடுல்ஸ் கடைக்காரரிடம் நீட்டினோம். படித்தார், இன்னொரு முறை படித்தார், இடுப்பு வரை குனிந்து மன்னிப்புக் கேட்டு வாசலைக் காட்டினார். அன்று மதியம் வாழைப்பழம்.