சுண்ணாம்பும் பால் சர்க்கரையும்

வணக்கம் ஐயா,

எங்கள் வீடு கொழிஞ்சாம்பாறை பக்கம். நான்கு மாடு இருக்கிறது. பன்னீர் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறோம். அப்பாவுக்கு ஈரல் சுருக்கம். லாக்டுலோஸ் சிரப்பை தினமும் குடிக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். "எனக்கு வயிறு நல்லாத்தானே போகுது, இது எதுக்கு?" என்று அப்பா பாட்டிலைத் தள்ளி வைக்கிறார். மாதச் செலவும் கட்டுப்படியாகவில்லை. பால் சர்க்கரையில் சுண்ணாம்பு சேர்த்துத்தான் இதை எடுக்கிறார்கள் என்று படித்தேன். பன்னீர் எடுத்தபின் மிஞ்சும் தண்ணீரை நாங்கள் தினமும் வாய்க்காலில்தான் ஊற்றுகிறோம். வீட்டிலேயே காய்ச்சி எடுக்க முடியாதா?

க., கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள க.,

வேண்டாம். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் படித்தது பொய்யில்லை. 1930இல் மாண்ட்கோமரி, ஹட்சன் என்ற இரண்டு அமெரிக்க வேதியியலாளர்கள் பால் சர்க்கரையைச் சுண்ணாம்போடு வினைபுரிய வைத்துத்தான் லாக்டுலோஸ் என்ற இந்தச் சர்க்கரையை முதலில் செய்தார்கள். பால் சர்க்கரை, அதாவது லாக்டோஸ் என்பது காலக்டோஸும் குளுக்கோஸும் சேர்ந்த ஜோடி. சுண்ணாம்பு போன்ற காரம் பட்டால் குளுக்கோஸ் பாதியின் வளையம் திறந்து, உள்ளே அணுக்கள் இடம் மாறி, அது ஃபிரக்டோஸ் ஆகிவிடுகிறது. ஓர் அணு கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. ஆனால் நம் குடலில் இந்தப் புது ஜோடியைப் பிரிக்க நொதி கிடையாது. அதனால் செரிக்காமல் பெருங்குடல் வரை போய்ச் சேர்கிறது. மருந்தாக இருப்பதே அதனால்தான்.

சிக்கல் அடுப்பில் ஆரம்பிக்கிறது. ஒரு லிட்டர் பாலில் 45 முதல் 50 கிராம் லாக்டோஸ் உண்டு, அதில் பெரும்பகுதி உங்கள் பன்னீர்த் தண்ணீரில்தான் இறங்குகிறது. வெறும் காரம் மட்டும் போட்டால் கால் பங்கோ அதற்குக் கொஞ்சம் கூடவோதான் மாறும். அதாவது ஒரு லிட்டர் பாலுக்கு 12 கிராம் அளவில். கடைச் சிரப்பில் 15 மில்லியிலேயே 10 கிராம் இருக்கிறது. இன்னும் மாறட்டும் என்று கொதிக்கவிட்டால், உண்டான லாக்டுலோஸே அந்தக் காரத்தில் உடைந்து காலக்டோஸாகவும் அமிலங்களாகவும் போகும், தண்ணீர் பழுப்பேறும். சோடா கலந்த பாலைக் காய்ச்சினால் நிறம் மாறுமே, அந்தப் பழுப்புக்கும் இதில் பங்குண்டு.

இதற்கு வழி கண்டார்கள். 1980இல் ஹிக்ஸ், பாரிஷ் இருவரும் போரிக் அமிலம் சேர்த்துச் செய்தபோது 80 சதவீதத்துக்கு மேல் மாறியது. அந்த அமிலத்திலிருந்து வரும் போரேட், லாக்டோஸைவிட லாக்டுலோஸை இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது. பிடிபட்டது திரும்ப உடைவதில்லை, மிச்சமிருப்பது மாறிக்கொண்டே வருகிறது. எனக்கு மிகப் பிடித்த வேதியியல் இது. ஆனால் அதிலுள்ள போரான் உடம்புக்கு ஆகாது. போரானைப் பிடித்துக்கொள்ளும் செயற்கைப் பிசின் நிரப்பிய குழாய்கள் வழியாகச் செலுத்தி அதைக் கடைசித் துளிவரை எடுக்க வேண்டும். போரிக் அமிலத்துக்குப் பதில் அலுமினேட் என்ற அலுமினிய உப்பைப் போட்டுச் செய்தாலும் அலுமினியத்தை வடித்தாக வேண்டும். சர்க்கரையை மாற்றுவதைவிடச் சுத்தம் செய்வதுதான் பெரிய வேலை. அடுப்படியில் எத்தனை முறை வடிகட்டினாலும் உள்ளே என்ன மிச்சம் என்று நமக்குத் தெரியாது. ஈரல் பழுதான ஒருவருக்கு அதைக் கொடுக்கக்கூடாது.

இனி அப்பாவின் கேள்வி. அவருக்கு இது மலச்சிக்கலுக்காகக் கொடுக்கப்பட்டதல்ல. குடலில் உண்டாகும் அம்மோனியாவை ஈரல் சுத்தம் செய்யாதபோது அது ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போகிறது. லாக்டுலோஸைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் அமிலமாக்குகின்றன. அந்தப் புளிப்பில் அம்மோனியா அம்மோனியமாகி, ரத்தத்துக்குள் நுழைய முடியாமல் மலத்தோடு வெளியேறுகிறது. 1966 முதல் மருத்துவர்கள் இதற்காகக் கொடுத்துவருகிறார்கள்.

சித்தூரில் என் மாமா ஒருவர் ஓணத்துக்கு விருந்தாளிகள் வருகிறார்களே என்று நான்கு நாள் இதை நிறுத்தினார். ஐந்தாம் நாள் அத்தையைப் பார்த்து "நீங்க யாருங்க?" என்று கேட்டார். ஆஸ்பத்திரியில் சேர்த்து இதே மருந்தைக் கொடுத்துத்தான் அவரை மீட்டோம். அத்தையின் முகம் இன்றும் எனக்கு மறக்கவில்லை. அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். பகலில் தூங்கி ராத்திரி விழித்திருந்தாலோ, கை படபடத்தாலோ, பேச்சு குழறினாலோ தாமதிக்காமல் கூட்டிப் போங்கள்.

பொதுவாக ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை இளகிப் போகும்படி அளவு வைப்பார்கள். அதற்கு மேல் பேதியானால் உடம்பில் நீர் வற்றி, குழப்பம் இன்னும் கூடும். அளவை டாக்டரிடம் கேட்டு மாற்றுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். செலவுக்கு, கம்பெனிப் பெயர் சொல்லாமல் லாக்டுலோஸ் என்று மட்டும் சொல்லி மத்திய அரசின் ஜன் ஔஷதியிலும் கேரள அரசின் காருண்யா மருந்துக் கடையிலும் விசாரியுங்கள்.

பன்னீர்த் தண்ணீரை இனி வாய்க்காலில் ஊற்ற வேண்டாம். அன்றன்றைக்கு உள்ளதைத் தவிட்டில் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கி, மாட்டுக்கே வையுங்கள்.