பயங்கரவாதத் தடுப்பு நடவடிக்கை பலன் தந்ததா என்று ஆய்வாளர்கள் எப்படிக் கணிக்கிறார்கள்?

தாக்குதல் குறைந்ததா என்று மட்டும் பார்த்தால் போதாது, வேறு பக்கம் கூடியதா என்றும் பார்க்க வேண்டும். 1973 ஜனவரியில் அமெரிக்க விமான நிலையங்களில் பயணிகள் எல்லாரையும் மெட்டல் டிடெக்டரில் சோதிக்கத் தொடங்கினார்கள். விமானக் கடத்தல் மளமளவென்று சரிந்தது. ஆனால் 1993-இல் பொருளாதார ஆய்வாளர்கள் வால்டர் எண்டர்ஸும் டாட் சாண்ட்லரும் பலவகைத் தாக்குதல்களின் காலாண்டுக் கணக்கைச் சேர்த்து ஆராய்ந்தபோது, மற்ற வகைப் பணயக்கைதிச் சம்பவங்கள் கூடியிருந்தன. தூதரகக் காவலைப் பலப்படுத்தியபோதும் இதே கதைதான்: கட்டடம் தப்பியது, வெளியே நடமாடிய அதிகாரிகள் மீது குறி திரும்பியது. கடத்தலை மட்டும் எண்ணியிருந்தால் முழு வெற்றி என்றே எழுதியிருப்பார்கள்!

நீங்களே கணக்குப் போடுவதானால், மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் உலகப் பயங்கரவாதத் தரவுத்தளத்தில் (Global Terrorism Database) 1970 முதலான தாக்குதல் பதிவுகள் உண்டு. அதில் 1993-ஆம் ஆண்டுப் பதிவுகள் தரவுத்தளம் உருவாகும் முன்பே தொலைந்துவிட்டன. வெற்றிடத்தைப் பூஜ்யமாக எடுத்தால் 1994-இல் பொய்யான பாய்ச்சல் தெரியும். அந்த ஆண்டையே விட்டுவிடுங்கள். போர் நடக்கும் நாடுகளுக்கு இன்னொரு சிக்கல்: சம்பவம் பயங்கரவாதமா, படைகளுக்கிடையிலான சண்டையா என்ற ஐயத்தைக் குறிக்கத் அட்டவணையில் தனிப் பத்தி (column) இருக்கிறது. ஐயமுள்ளவற்றைச் சேர்த்து ஒருமுறை, நீக்கி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். 1997-க்கு முந்தைய பதிவுகளில் அந்தக் குறிப்பு முறையாக இல்லை.