ஆலமரத்து வௌவால்கள் – கடிதம்

வணக்கம்.

பொள்ளாச்சி பக்கம் எங்கள் ஊர். ஊர் ஆலமரத்தில் நூற்றுக்கணக்கில் பழந்தின்னி வௌவால்கள் தொங்குகின்றன. கேரளத்தில் நிபா என்று செய்தி வரும்போதெல்லாம் மரத்தை வெட்டிவிடலாம் என்று பேச்சு கிளம்புகிறது. வௌவாலிடம் மட்டும் ஏன் இத்தனை வைரஸ்? விரட்டினால் என்ன தவறு?

– வாசகர் ஒருவர்

அன்புள்ள நண்பருக்கு,

தயவுசெய்து மரத்தை வெட்ட விடாதீர்கள். உகாண்டாவில் கிடாகா என்ற சுரங்கத்தில் 2007இல் தொழிலாளர்களுக்கு மார்பர்க் காய்ச்சல் வந்தது. எபோலா போல உயிரைப் பறிக்கும், வௌவாலிடமிருந்து தொற்றும் வைரஸ் நோய் அது. அங்கிருந்த வௌவால்களை அடியோடு ஒழித்தார்கள். 2012இல் பக்கத்து ஊரில் மார்பர்க் மறுபடி வந்தது. சுரங்கத்தில் புதிதாகக் குடியேறியிருந்த வௌவால்களைச் சோதித்தால் நூற்றுக்கு 13இல் வைரஸ். ஒழிப்பதற்கு முன்பு நூற்றுக்கு 5தான். வைரஸ் தொற்றித் தேறிய பழைய கூட்டம் போய், வைரஸையே பார்க்காத கூட்டம் வந்து சேர்ந்ததுதான் காரணமாக இருக்க வேண்டும்.

ஏன் இத்தனை வைரஸ் என்றால், முதலில் வௌவால்களே அத்தனை வகை. 1,400 இனங்களுக்கு மேல். பாலூட்டி இனங்களில் ஐந்தில் ஒன்று. அப்புறம், அவை பறக்கின்றன. பறக்கிற உழைப்பில் செல்லுக்குள் டிஎன்ஏ சிதைந்து கசியும். அதற்கெல்லாம் வைரஸ் புகுந்துவிட்டது போல உடம்பு கொதித்தெழுந்தால் தாங்காது என்பதால், அபாய மணி அடிக்கும் 'ஸ்டிங்' என்ற புரதம் அவற்றில் அடங்கியே வேலை செய்கிறது. வைரஸோடு நோயில்லாமல் வாழ இதுவும் உதவுகிறது என்று கருதுகிறார்கள்.

அப்படி வாழும் இடத்தில் வைரஸ்கள் கலந்துகொண்டே இருக்கும். சீனாவின் யுன்னானில் ஒரே குகையில் குதிரைலாட வௌவால்களை ஐந்து ஆண்டுகள் சோதித்தார்கள். 2003இல் உலகை உலுக்கிய சார்ஸ் வைரஸ் முழுசாக எதிலும் இல்லை. ஆனால் அதன் மரபணுத் துண்டுகள் எல்லாமே அந்தக் குகையின் வெவ்வேறு வைரஸ்களில் பிரிந்து கிடந்தன!

அந்தக் கலப்பை நம்மால் நிறுத்த முடியாது. வைரஸ் நம்மிடம் வரும் வழியை அடைக்கலாம். மலேசியாவில் 1998–99இல் பன்றிப்பட்டிகளை ஒட்டியே மாமரங்கள் இருந்தன. வௌவால் கடித்துப் போட்ட பழத்தைப் பன்றி தின்றது, பன்றியிடமிருந்து ஆட்களுக்கு நிபா தொற்றி நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். பிறகு பட்டிகளைப் பழமரங்களிலிருந்து விலக்கினார்கள். அங்கே நிபா திரும்பவில்லை.

உங்கள் ஊரிலும் அதையே செய்யலாம். ஆலமரத்தடியில் ஆடுமாடு கட்ட வேண்டாம். பக்கத்தில் திறந்த கிணறு இருந்தால் வலை போடுங்கள். கடிபட்ட பழத்தைப் பிள்ளைகள் எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கீழே விழுந்த வௌவாலை யாரும் வெறுங்கையால் தொடக் கூடாது.