வேலை, கூலி, சமூக உதவி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வளரும் நாடுகள் பலவற்றில் வேலையின்மை விகிதம் மிகக் குறைவாகக் காட்டப்படுகிறதே, அதை நம்பலாமா?

பதில்: எண் பொய்யில்லை, அது சொல்வதுதான் குறைவு. பன்னாட்டு வரையறைப்படி, கணக்கெடுப்புக்குரிய வாரத்தில் கூலிக்காகவோ லாபத்துக்காகவோ ஒரு மணி நேரம் உழைத்தவரும் வேலையில் இருப்பவரே. வேலையிழப்பு உதவித்தொகை இல்லாத இடத்தில் ஏழைகளால் நல்ல வேலைக்காகக் காத்திருக்க முடியாது; கிடைத்ததைச் செய்கிறார்கள். காத்திருப்பவர் பெரும்பாலும் குடும்பத்தின் ஆதரவு உள்ள படித்த இளைஞரே. ஆகவே விகிதத்தோடு வேலை நேரத்தையும் வருமானத்தையும் சேர்த்தே படியுங்கள்.

கேள்வி: பெண்களின் உழைப்பு ஏன் கணக்கில் வருவதில்லை?

பதில்: பெரும்பாலும் கேட்கும் விதத்தால்தான். கணக்கெடுப்பாளர் வாசலில் நின்று "வேலைக்குப் போகிறீர்களா?" என்று கேட்டால், அப்போதுதான் ஆட்டைக் கட்டிவிட்டு வந்த பெண்கூட "இல்லை, வீட்டில்தான் இருக்கிறேன்" என்பார். "கடந்த ஏழு நாட்களில் விற்பதற்காக ஏதாவது வளர்த்தீர்களா, தைத்தீர்களா, குடும்பத் தொழிலில் கைகொடுத்தீர்களா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டால் அதே பெண்ணிடமிருந்து வேறு பதில் வரும். வீட்டில் கணவரே எல்லோருக்கும் பதில் சொல்லிவிட்டாலும் கணக்கு மாறக்கூடும். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு: 2013இல் ஏற்கப்பட்ட பன்னாட்டு வரையறை, குடும்பத் தேவைக்கு மட்டும் விளைவிப்பதை உழைப்பு என்று ஒப்புக்கொண்டாலும் வேலைவாய்ப்பில் சேர்ப்பதில்லை. அதனால் பால் முக்கியமாக விற்பனைக்கா, வீட்டுக்கா என்பதைப் பொறுத்து ஒரே பெண் இருவேறு வகையில் பதிவாகலாம். பழைய, புதிய கணக்கெடுப்புகளை ஒப்பிடும் மாணவர்கள் இதைக் கவனிக்காமல் பெண்களின் பங்கு சரிந்துவிட்டதாக எழுதிவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

கேள்வி: பொருளாதாரம் வளர்ந்தால் முறைசாரா வேலை, அதாவது பதிவோ சட்டப் பாதுகாப்போ இல்லாத வேலை, தானாக மறைந்துவிடாதா?

பதில்: வளரும் நவீனத் தொழில்துறை, பழைய துறையின் உபரி உழைப்பாளர்களை ஈர்த்துக்கொள்ளும் என்று பொருளியலாளர் ஆர்தர் லூயிஸ் 1954இல் முன்வைத்த மாதிரியிலிருந்து பலரும் எதிர்பார்த்தது அதுதான். ஆனால் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2018ஆம் ஆண்டு அறிக்கையின்படி, உலகில் சுமார் 200 கோடிப் பேர், அதாவது உழைப்போரில் 61 சதவீதத்தினர், முறைசாரா வேலையில் இருந்தனர்.

கேள்வி: ரொக்க உதவி கொடுத்தால் மக்கள் சோம்பேறிகளாகிவிட மாட்டார்களா?

பதில்: இந்த ஐயத்தைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்புவது போன்ற நிபந்தனைகளோடு ஏழைக் குடும்பங்களுக்கு ரொக்கம் தர மெக்சிகோவில் 1997இல் தொடங்கிய புரோகிரேசா திட்டத்தின் மதிப்பீட்டுக்காக 506 கிராமங்களில் ஒரு பகுதிக்கு முதலிலும் மற்றவற்றுக்குப் பின்னரும் உதவி சென்றது. எது முதலில் என்பது குலுக்கல் முறையில் தீர்மானிக்கப்பட்டதால் நேர்மையான ஒப்பீடு சாத்தியமாயிற்று. இத்தகைய சோதனைகளை ஆறு நாடுகளிலிருந்து எடுத்து பொருளியலாளர் அபிஜித் பானர்ஜியும் மற்றவர்களும் மறுஆய்வு செய்தபோது, பெரியவர்களின் உழைப்பு குறைந்ததற்கு முறையான சான்று எதுவும் கிடைக்கவில்லை. மெக்சிகோவில் குறைந்தது குழந்தைகளின் உழைப்பு. அவர்கள் பள்ளிக்குப் போனார்கள். உழைத்துக் களைத்தவர்களைப் பார்த்துச் சோம்பேறிகள் என்று சந்தேகிக்கும் முன் இந்த முடிவுகளைப் படித்துப் பாருங்கள்.

கேள்வி: பதிவில்லாத தொழிலாளிக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தால் என்ன பயன்?

பதில்: பிரேசிலில் சட்டத்துக்கு வெளியே இருப்பவர்களின் கூலியும் அந்தத் தொகையை ஒட்டியே பேசப்படுவதை ஆய்வாளர்கள் கண்டு, அதற்குக் கலங்கரை விளக்க விளைவு என்று பெயரிட்டனர். கூலி பேசும்போது தொழிலாளி சுட்டிக்காட்ட ஓர் எண் கிடைக்கிறது.