மூன்று ரிப்போர்ட், வேறு வேறு கிருமி

கேள்வி: எனக்கு 57 வயது. பத்து வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. இந்த ஒரு வருடத்தில் இரண்டு முறை நீர்க்கடுப்பு வந்து, மாத்திரையில் சரியானது. யூரின் கல்ச்சரில் (சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) முதல் முறை இ.கோலை, அடுத்த முறை கிளெப்சியெல்லா. போன வாரம் முழு உடல் பரிசோதனையில் மறுபடி 'இ.கோலை, 1 லட்சத்துக்கு மேல்' என்று வந்திருக்கிறது. முன்பு கேட்ட மாத்திரை இதற்குக் கேட்காதாம். ஆனால் எரிச்சல், காய்ச்சல் எதுவும் இல்லை. கிருமி உடம்பிலேயே ஊறிவிட்டதா? பழைய சீட்டில் உள்ள மாத்திரையையே வாங்கிச் சாப்பிடலாமா?

பதில்: பழைய சீட்டோடு மருந்துக் கடைக்குப் போக வேண்டாம், அம்மா. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நீர்க்கடுப்பில் பத்துக்கு ஏழெட்டு இ.கோலையால் வருவது. மற்றவை கிளெப்சியெல்லா, புரோட்டியஸ், என்டரோகாக்கஸ் போன்றவற்றால். இவை பெரும்பாலும் நம் குடலில் குடியிருப்பவை. பெண்களுக்கு அங்கிருந்து சிறுநீர்த் துவாரத்துக்குத் தூரம் குறைவு. மாதவிலக்கு நின்ற பிறகு, பிறப்புறுப்பில் காவலுக்கு இருந்த லாக்டோபேசில்லஸ் கிருமிகளும் குறைந்துபோகும். அதனால் ஒவ்வொரு தடவையும் வேறு கிருமி ஏறி வருவது சகஜம். ஊறிவிட்டதாக அர்த்தமில்லை.

சரி, அதே இ.கோலைக்கு மாத்திரை ஏன் கேட்கவில்லை? பெயர்தான் ஒன்று, ஆள் வேறாக இருக்கலாம். சிறுநீரகத் தொற்று வந்த ஒரு பெண்ணிடம் எடுத்த இ.கோலையை, ஆய்வகத்தில் வளர்க்கும் சாதுவான இ.கோலையோடும் ரத்தபேதி உண்டாக்கும் இ.கோலையோடும் 2002-ல் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மொத்தப் புரதங்களில் மூன்றுக்கும் பொதுவானவை சுமார் 39 சதவீதம்தான்! சிறுநீர்ப்பையைத் தாக்கும் வகைக்கு உடம்பைச் சுற்றி மெல்லிய இழைகள் உண்டு. இழையின் நுனி, பையின் சுவரில் உள்ள மேனோஸ் என்ற சர்க்கரையைக் கவ்விக்கொள்ளும் (உங்கள் ரத்தச் சர்க்கரை அல்ல, இது வேறு). சிறுநீர் ஓட்டம் இழுக்க இழுக்க அந்தப் பிடி இறுகும். எனக்கு இன்றும் ஆச்சரியம் தருவது இதுதான்.

இப்போதைய ரிப்போர்ட்டுக்கு வருவோம். தொந்தரவே இல்லாமல் சிறுநீரில் கிருமி இருப்பது சர்க்கரை உள்ள பெண்களிடம் நிறையவே பார்க்கிறோம். அவர்களுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தும் சோதித்திருக்கிறார்கள். பின்னால் வரும் தொற்று குறையவில்லை. மருந்துக்கு அடங்காத வகைகள் மிஞ்சுவதற்குத்தான் அது வழி செய்யும். கர்ப்பிணிகளுக்கும், சிறுநீர்ப்பாதையில் அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கும் மட்டும் கணக்கு வேறு. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இப்போது உங்களுக்கு மாத்திரை தேவைப்படாது. ரிப்போர்ட்டை உங்கள் டாக்டரிடம் காட்டி உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். அடிக்கடி கடுப்பு வந்தால், பிறப்புறுப்பில் தடவும் ஈஸ்ட்ரோஜன் (பெண் ஹார்மோன்) கிரீம் உங்களுக்கு ஏற்றதா என்றும் கேளுங்கள்.

குளிர் காய்ச்சல், விலாப்பக்க வலி, வாந்தி வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். வெறும் எரிச்சல் என்றால், முதல் மாத்திரை போடுவதற்கு முன் கல்ச்சருக்குக் கொடுங்கள். ஆரம்பச் சிறுநீரை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடித்து, உடனே லேபில் சேர்த்துவிடுங்கள். வெயிலில் பையில் கிடந்தால் கிருமி அதற்குள்ளேயே பெருகி, எண்ணிக்கை தப்பாகக் காட்டும். டாக்டரைப் பார்க்கப் போகும்போது இந்த மூன்று ரிப்போர்ட்டும் கையில் இருக்கட்டும்.