பதினாறு பேர் விளையாட எந்த ரவுட்டர்?

கேள்வி: கல்லூரி நண்பர்கள் பதினாறு பேர் ஒரு சிறிய மண்டபத்தில் கூடுகிறோம். நான்கு எக்ஸ்பாக்ஸ் 360 வீடியோ கேம் பெட்டிகளை இணைத்து, அந்தக் காலத்தைப் போலவே ஹேலோ 3 என்ற விளையாட்டை ஆட ஆசை. எட்டு ஆன்டெனா உள்ள கேமிங் ரவுட்டர் இல்லாமல் முடியாது என்கிறார் கடைக்காரர். எதை வாங்கலாம்?
– வாசகர், கோவை

பதில்: ரவுட்டரே வேண்டாம். 2007-இல் வந்த ஹேலோ 3-இல் ‘சிஸ்டம் லிங்க்’ என்ற வசதி இருக்கிறது. ஒரு பெட்டிக்கு நான்கு பேர் வீதம் பதினாறு பேரும் இணையமே இல்லாமல் ஒரே ஆட்டத்தில் சேரலாம். இதற்கு எட்டு போர்ட் (கேபிள் செருகும் துளை) உள்ள சாதாரண கிகாபிட் நெட்வொர்க் சுவிட்ச் ஒன்றும் (பல பெட்டிகளைக் கேபிளால் ஒன்றாக இணைக்கும் சிறு கருவி) ஐந்தாறு கேபிள்களும் போதும். மின்சாரம் கொடுத்தவுடன் தானே வேலை செய்யும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். 2,000 ரூபாய்க்குள் நல்லதாகவே கிடைக்கும். மிச்சப் பணத்தை நல்ல டிவிக்கும் சாப்பாட்டுக்கும் செலவிடுங்கள்.

கடைக்காரர் வேகத்தைப் பற்றிப் பேசியிருப்பார். ஆனால் விளையாடும்போது பெட்டிகள் ஒன்றுக்கொன்று அனுப்பும் தகவல் மிகக் குறைவு. 360-இன் போர்ட்டே 100 மெகாபிட்தான், அதில் சிறு பங்குகூடச் செலவாகாது. தகவல் தாமதமில்லாமல், சீரான இடைவெளியில் வந்து சேருகிறதா என்பதுதான் முக்கியம். வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். மண்டபத்தில் இருக்கும் அத்தனை செல்பேசிகளும் அதே காற்றுக்குப் போட்டியிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே. ஆன்டெனாக்களைக் கூட்டினால் இந்த நெரிசல் தீராது. மேலும், 2010-க்கு முன் வந்த 360 பெட்டிகளுக்குள் வைஃபையே கிடையாது.

நண்பர் யாராவது பரணிலிருந்து சுவிட்ச் போலவே இருக்கும் பழைய ‘ஹப்’ எடுத்து வந்தால் அன்போடு ஓரமாக வைத்துவிடுங்கள். ஒரு போர்ட்டில் வருவதை ஹப் எல்லா போர்ட்டுக்கும் அப்படியே அனுப்பிவிடும். சுவிட்ச், எந்தப் பெட்டிக்கு உரியதோ அதற்கு மட்டும் அனுப்பும்.

பல விழாக்களுக்குக் கேபிள் இழுத்தவன் என்ற முறையில் ஒன்றை வற்புறுத்திச் சொல்கிறேன். கூட்டம் சூடுபிடித்த நேரத்தில், தரையில் கிடக்கும் கேபிள் நுனியைப் பார்த்து, கழன்றுவிட்டது போலும் என்று ஒருவர் நல்லெண்ணத்தோடு காலி போர்ட்டில் செருகிவிடுவார். மறுமுனையும் அதே சுவிட்ச்சில் இருந்தால், எல்லாருக்குமாக அனுப்பப்படும் தகவல்கள் முடிவில்லாமல் சுற்றிப் பெருகிச் சில நொடிகளில் எல்லா ஆட்டமும் நின்றுவிடும். விலை குறைந்த சுவிட்ச்களில் பெரும்பாலும் இதற்குத் தடுப்பு இருக்காது. ஒவ்வொரு கேபிளின் இரு முனைகளிலும் எண் எழுதி ஒட்டுங்கள். காலி போர்ட்களை டேப்பால் மூடுங்கள். நான்கு பெட்டிகளிலும் விளையாட்டு ஒரே அப்டேட்டில் இருக்கிறதா என்றும் முன்னாலேயே பாருங்கள். இல்லையென்றால் ஒன்றாக விளையாட முடியாது.

கேள்வி: எங்கள் விடுதியில் எட்டு பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) பெட்டிகளை ஒரே ஃபைபர் இணைப்பில் இணைத்து ஆன்லைனில் விளையாடப் போகிறோம். சோதித்துப் பார்த்தபோது சிலரால் நண்பர்களின் அறையில் சேர முடியவில்லை. ‘நாட்’ வகை 3 என்று திரையில் வருகிறது.
– மாணவர், திருச்சி

பதில்: உங்களுக்கு ரவுட்டர் தேவை, ஆனால் இருப்பதே போதுமானதாக இருக்கலாம். எட்டுப் பெட்டிகளும் ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் நிற்கின்றன. இப்படி ஒரே இணைய முகவரியைப் பல கருவிகள் பகிர்வதற்கான முறைதான் ‘நாட்’; வகை 3 என்றால் வெளியிலிருந்து வரும் இணைப்புகளுக்குத் தடை அதிகம். ஒவ்வொன்றும் தனக்கென ஒரு வாசல் கேட்கும். ரவுட்டரின் அமைப்புகளில், பெட்டிகள் கேட்கும் வாசலைத் தானாகத் திறந்துவிடும் ‘யூபிஎன்பி’ வசதியை இயக்கி, எல்லாப் பெட்டிகளையும் மறுபடி தொடங்குங்கள். நிறுவனம் தந்த ஃபைபர் பெட்டிக்குப் பின்னால் உங்கள் சொந்த ரவுட்டரும் இருந்தால், இரண்டில் ஒன்று மட்டுமே முகவரி வழங்க வேண்டும். மற்றதை, முகவரி வழங்காமல் இணைப்பை மட்டும் கடத்தும் ‘ஆக்சஸ் பாயின்ட்’ முறைக்கு மாற்றுங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால், பல வீடுகளுக்குப் பொதுவான முகவரியை நிறுவனம் உங்களுக்குத் தந்திருக்கலாம். தனி முகவரி கேட்டுப் பாருங்கள்.

அதைவிடப் பெரிய ஆபத்து டவுன்லோட். 100 ஜிபி விளையாட்டை 100 மெகாபிட் இணைப்பில் இறக்க இரண்டேகால் மணி நேரம் ஆகும். எட்டுப் பெட்டிகளும் ஒரே நேரத்தில் இறக்கினால் ஏறக்குறைய 18 மணி நேரம்! இதையெல்லாம் முந்தைய வாரமே முடித்துவிட்டுத் தானியங்கி அப்டேட்டை அன்றைக்கு நிறுத்தி வையுங்கள்.

கேள்வி: கேட் 8 என்ற உயர்வகை நெட்வொர்க் கேபிள் வாங்கினால் விளையாட்டு வேகமாகுமா?
– வாசகி, மதுரை

பதில்: ஆகாது. கேட் 5இ என்ற சாதாரண வகைக் கேபிளே 100 மீட்டர் வரை கிகாபிட் வேகத்தைத் தாங்கும். ஆனால் முழுச் செம்புக் கம்பியா என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது மலிவு, ஆனால் மடக்கி மடக்கிச் சுருட்டினால் உள்ளே முறிந்துவிடும். கேபிளைவிட மின்சாரத்தைப் பற்றிக் கவலைப்படுங்கள். பிஎஸ்5-உம் டிவியும் சேர்ந்து ஏறத்தாழ 300 வாட் இழுக்கும் என்று வைத்தால், மேலே சொன்ன திருச்சி விடுதியின் எட்டு ஜோடிக்கு 2,400 வாட், அதாவது 10 ஆம்பியருக்கு மேல். சாதாரண 6 ஆம்பியர் பிளக்கில் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியை மாட்டி இவ்வளவையும் ஏற்றக் கூடாது. எலக்ட்ரீஷியனை வைத்து இரண்டு, மூன்று தனி இணைப்புகளாகப் பிரியுங்கள். சுவிட்ச்சையும் ரவுட்டரையும் மட்டும் ஒரு சிறிய யூபிஎஸ்ஸில் போடுங்கள்.